பரமக்குடித் துப்பாக்கிச் சூடு: கணக்கை எந்த நேரத்திலிருந்து தொடங்குவது?

செப்டம்பர் பிறந்தால் பரமக்குடிப் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. தியாகி இமானுவேல் சேகரன் நினைவு நாளான 2011 செப்டம்பர் 11 அன்று, பரமக்குடி ஐந்துமுனைச் சாலையில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் அதையொட்டிய நடவடிக்கையிலும் ஆறு பேர் உயிரிழந்தார்கள். ஆறு பேரும் தலித்துகள். அந்தத் துப்பாக்கிச் சூடு நியாயமா என்ற கேள்வி இன்றும் டீக்கடையிலும் கல்லூரி விடுதியிலும் ஓயவில்லை. ஆனால் அரசின் பதிவேட்டில் அதற்கு விடை எழுதி முடித்தாகிவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி சம்பத் தலைமையிலான ஒரு நபர் விசாரணை ஆணையம், துப்பாக்கிச் சூடு தவிர்க்க முடியாதது, நியாயமானது என்று சொன்னது. 2013-இல் அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

நீதிபதியே சொல்லிவிட்டாரே, இனி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி அமைக்கப்படும் ஆணையம் நீதிமன்றம் அல்ல. அது விசாரித்து அரசுக்குக் கருத்துச் சொல்லும். தண்டிக்காது, விடுதலையும் செய்யாது. 1958-இல் ராமகிருஷ்ண டால்மியா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. எனவே சம்பத் ஆணைய அறிக்கை ஒரு கருத்து. கருத்தோடு வாதிடும் உரிமை குடிமக்கள் எல்லோருக்கும் உண்டு.

நம் வாதம் ஒன்றுதான். அந்த அறிக்கையை வைத்துத் துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்துகிறவர்கள் கடிகாரத்தைத் தப்பான இடத்தில் தொடங்குகிறார்கள்.

அவர்கள் சொல்லும் கதை கல்லெறியிலிருந்து தொடங்குகிறது. கூட்டம் மறியல் செய்தது, கலையச் சொன்னால் கலையவில்லை, கல் வந்தது, போலீசார் காயம்பட்டார்கள், வாகனம் எரிந்தது, வேறு வழியில்லாமல் சுட்டார்கள். இதில் பொய் என்று ஒதுக்கக்கூடியது அதிகம் இல்லை. கல் வந்தது உண்மை. போலீசார் காயம்பட்டதும் உண்மை. நம் ஆட்கள் கையில் பூ மட்டும்தான் இருந்தது என்று எழுதினால் படிப்பவர்களே சிரிப்பார்கள். காக்கி உடுப்பில் நின்ற காவலர்களிலும் சேரியிலிருந்து படித்துப்போன பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

ஆனால் அந்த நாள் கல்லெறியில் தொடங்கவில்லை. இரண்டு நாளுக்கு முன், செப்டம்பர் 9 இரவு, கமுதி பக்கம் பச்சேரி கிராமத்தில் ஒரு பள்ளி மாணவன் வெட்டிக் கொல்லப்பட்டான். தலித் பையன். சாதித் தலைவரைப் பற்றிச் சுவரில் எழுதியதாகச் சொல்லி வந்த பகை அது என்று அரசுத் தரப்பே பின்னர் சொன்னது. அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவதாக இருந்தவர் தமிழக மக்கள் முன்னேற்றக் கழகத் தலைவர் ஜான் பாண்டியன். அவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் வர 144-இன் கீழ்த் தடை போடப்பட்டது. 11-ஆம் தேதி காலை அவரைத் தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் போலீசார் தடுத்து நிறுத்திக் கைது செய்தார்கள். அந்தச் செய்தி பரமக்குடிக்கு வந்து சேர்ந்தபோதுதான் ஐந்துமுனையில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். முதலில் உட்கார்ந்தது சிறிய கூட்டமே என்று பின்னர் அங்கு போன உண்மை அறியும் குழுக்கள் எழுதின.

இங்கேதான் கேள்வி. ஆண்டுக்கு ஒருமுறை தென்மாவட்டம் முழுவதிலிருந்தும் மக்கள் அஞ்சலி செலுத்த வரும் நாள் அது. ஒரு பையன் கொலையாகி இரண்டு நாள்கூட ஆகவில்லை. அன்று, அந்தத் தலைவரைக் கைது செய்தால் பரமக்குடியில் என்ன நடக்கும் என்று ஒரு கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். அப்படியிருக்க, மறியல் வரும் என்று தெரிந்தே அதற்கு என்ன ஏற்பாடு செய்தார்கள்? பேசிக் கலைக்க யாரை அனுப்பினார்கள்? கூட்டம் மதிக்கும் உள்ளூர்ப் பெரியவர்கள் எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள்? கைதானவர் நலமாக இருக்கிறார் என்று போனில் அவர் குரலையாவது கூட்டத்துக்குக் கேட்க வைத்தார்களா? கல்லெறிக்கு முன்னால் கழிந்த அந்த நேரத்தில் செய்ததும் செய்யாததும்தான் ‘வேறு வழியில்லை’ என்ற நிலைமையை உண்டாக்கின. வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டுப் பிறகு வேறு வழியில்லை என்றால் அதை எப்படி ஏற்பது?

நம் ஊரில் கொள்ளிடக் கரை உடைந்தால், உடைந்த அந்த நிமிடம் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கோடையில் கரையைப் பார்த்தார்களா, மணல் மூட்டை இருந்ததா, மேட்டூரில் திறந்த தண்ணீர் எப்போது இங்கு வந்து சேரும் என்று கணக்கு இருந்ததா, கரைக்காவலுக்கு ஆள் போட்டார்களா என்றுதான் கேட்பார்கள். வெள்ளம் பெரிது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று பொறியாளர் சொன்னால் விவசாயி ஒப்புக்கொள்வாரா?

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129-ஆம் பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 148. கூட்டம் சட்டவிரோதமானதாக, அல்லது பொது அமைதியைக் கெடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கலையும்படி உத்தரவிட வேண்டும். கலைய மறுத்த பிறகே பலப்பிரயோகம். அந்தப் பலமும் கலைப்பதற்குத் தேவையான அளவுதான். எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி எல்லாம் பயனற்றுப் போன பிறகுதான் துப்பாக்கி; சுட்டாலும் தாழ்வாக, மிரட்டும் பகுதியை நோக்கி, கூட்டம் கலையத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். போலீஸ் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. சுடுவதன் நோக்கம் கலைப்பது, தண்டிப்பது அல்ல.

இன்னொன்று தற்காப்பு. 2011-இல் சட்டமன்றத்தில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா சொன்ன விளக்கத்தில், தற்காப்புக்கும் பொதுச் சொத்தைக் காக்கவும் போலீசார் சுட்டார்கள் என்ற வாதம் இருந்தது. தற்காப்பு உரிமை போலீசுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் தற்காத்துக்கொள்ளலாம். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி கூடுதலானாலும் அந்த உரிமை அங்கேயே முடிந்துவிடும். சொத்தைக் காக்க உயிரை எடுப்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் பட்டியல் இன்னும் குறுகியது: கொள்ளை, இரவில் வீடு புகுதல், மக்கள் வசிக்கும் அல்லது பொருள் வைக்கும் கட்டடம், கூடாரம், கலம் ஆகியவற்றுக்குத் தீ வைத்தல், உயிருக்கு ஆபத்து என்ற அச்சம் தரும் திருட்டும் அத்துமீறலும். சாலையில் நின்ற வாகனம் எரிந்தது என்பது தனியாக ஒரு உயிருக்கு விலையாகாது.

ஆகையால் துப்பாக்கிச் சூடு நியாயமா என்று மொத்தமாக ஒரு கேள்வி கேட்பதே பிழை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதல் தோட்டா பாய்ந்தபோது சுட்டவருக்கு உயிர் அச்சம் இருந்திருக்கலாம். கூட்டம் சிதறி ஓடிய பிறகு பாய்ந்த தோட்டாவுக்கு அந்த விளக்கம் பொருந்துமா? தோட்டா முன்பக்கம் நுழைந்ததா, முதுகில் நுழைந்ததா? இடுப்புக்குக் கீழா, மேலா? சுட்டவருக்கும் பட்டவருக்கும் எத்தனை அடி தூரம்? கீழே கிடந்தவரைச் சுற்றி நின்று தடியால் அடிக்கும் காட்சிகள் அப்போது தொலைக்காட்சிகளில் வந்தன. விழுந்து கிடப்பவர் யார் உயிருக்கு என்ன ஆபத்து? தற்காப்பு என்ற சொல்லை எவ்வளவு நீட்டினாலும் அந்த இடம் வரை எட்டாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, அன்று நடந்ததை மொத்தமாக ‘நியாயம்’ என்று ஒற்றைச் சொல்லில் கட்டிக்கொடுத்ததை நம்மால் ஏற்க முடியவில்லை.

சுடாமல் இருந்திருந்தால் அன்று பெரிய சாதிக் கலவரம் மூண்டிருக்கும் என்றும் ஒரு வாதம் உண்டு. நடக்காத ஒன்றைக் காட்டி நடந்த ஆறு சாவை நியாயப்படுத்தும் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. எந்த ஊரில் எந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் இதைச் சொல்லிவிடலாம்.

இந்தப் பத்தியில் இதைச் சொல்வதாலேயே, நம்மவர் செத்தால்தான் இவர்களுக்கு வலிக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். சரி, 1957-க்குப் போவோம். முதுகுளத்தூரில் செப்டம்பர் 10 அன்று சமாதானக் கூட்டம் நடந்தது. மறுநாள் இரவு பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 14 அன்று, கீழத்தூவல் கிராமத்தில் போலீசார் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்த ஐந்து பேரும் மறவர்கள். பிடித்துக் கட்டி வைத்துச் சுட்டார்கள் என்று அந்த ஊர் இன்றுவரை சொல்கிறது. ஐ.சி.எஸ். அதிகாரி வெங்கடேஸ்வரன் விசாரித்து, துப்பாக்கிச் சூடு நியாயமானதே என்று அறிக்கை கொடுத்தார். நம் சமூகத்து மேடைகளில் அந்த அறிக்கையை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டிப் பேசியவர்கள் உண்டு. அது கூடாது. கீழத்தூவலுக்கு ஒரு அளவுகோல், பரமக்குடிக்கு இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் நம் கேள்விக்கு வலு இல்லாமல் போகும். கட்டிப்போட்ட மனிதனைச் சுட்டது உண்மையானால், அவன் எந்தத் தெருக்காரன் என்பது அதன் நியாயத்தை மாற்றாது. 1957-இல் அரசுக்குச் சாதகமாக எழுதிப் பழகிய அதே பேனாதான் 2013-இலும் எழுதியது என்று பார்த்தால் இரண்டு தெருக்காரர்களுக்கும் பேச ஒரு பொதுவிஷயம் கிடைக்கும்.

1999 ஜூலை 23 தாமிரபரணியும் அப்படித்தான். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிப் பிரச்சினைக்காகவும், சிறையிலிருந்த 600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். தடியடிக்கு அஞ்சி ஆற்றில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம் போலீஸ் நடவடிக்கையைப் பெரிதாகக் குறை சொல்லவில்லை. பெரும்பாலானோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றது. ஆற்றில் ஏன் இறங்கினார்கள்? மீண்டும் கடிகாரத்தின் கதைதான்.

ஆணையம் என்றாலே இப்படித்தான் என்று கையை விரித்துவிடவும் வேண்டாம். 2018 மே 22 தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில் நடந்த துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் வேறு மாதிரி எழுதியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. சுடுவதற்குரிய ஆத்திரமூட்டல் கூட்டத்தின் பக்கம் இல்லை, ஓடுகிறவர்களையும் மறைவிலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்று கண்டது. 17 போலீசார் மீதும் அப்போதைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. அங்கே கடிகாரம் சரியான இடத்தில் தொடங்கியது: முந்தைய நாள்களின் பேச்சுவார்த்தை, உளவுத் தகவல், ஆட்சியர் அன்று எங்கே இருந்தார் என்பது வரை கேட்டார்கள்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? நீதிபதி ஆளைப் பொறுத்து என்று ஒரு பதில் உண்டு. அது பாதி. தூத்துக்குடியில் நகரம் முழுவதும், சாதி மதம் பாராமல், வந்து சாட்சி சொன்னது. ஆளுக்கு ஆள் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார்கள். ஊடகம் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தது. பரமக்குடியில் செத்தவர்கள் கிராமத்துத் தலித்துகள். கடைவீதி அவர்களுக்காகப் பேசவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு முதலில் ஒரு லட்சம், பின்னர் ஐந்து லட்சம் அறிவித்தார்கள். தூத்துக்குடியில் முதலில் பத்து, பின்னர் இருபது லட்சம். இடையில் ஏழு ஆண்டு விலைவாசி உயர்வு இருக்கிறது என்பது சரிதான். அது மட்டும்தானா காரணம் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

அயர்லாந்துத் தீவின் வடக்கே டெர்ரி என்று ஓர் ஊர். 1972 ஜனவரி 30 அன்று சிவில் உரிமை ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே செத்தார்கள். சில வாரங்களுக்குள் விட்ஜரி என்ற தலைமை நீதிபதி அறிக்கை கொடுத்தார். சிப்பாய்களின் பெரும்பாலான விளக்கங்களை அவர் ஏற்றுக்கொண்டார். இறந்தவர்களின் குடும்பங்கள் ஏற்கவில்லை. இருபத்தாறு ஆண்டு கத்திய பிறகு 1998-இல் புதிய விசாரணை அமைக்கப்பட்டது. நீதிபதி சாவில் 2010-இல் கொடுத்த அறிக்கை, சுடப்பட்டவர்கள் யாராலும் ஆபத்து இருக்கவில்லை என்றது. பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். ஒரு நாட்டின் தலைமை நீதிபதி எழுதியதையே திரும்ப எழுத வைக்க முடிந்திருக்கிறது.

பரமக்குடி விஷயத்தில் தஞ்சாவூர்க்காரர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் தங்கள் ஊர்க் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். பண்ணையாட்களைத் திரட்டிய வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் 1950 மே மாதம் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள். காவல்துறைக் கணக்கில் அவர்கள் தேடப்பட்ட ஆட்கள். பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களில் அவர்கள் தியாகிகள். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் எரிந்தபோது துப்பாக்கி வைத்திருந்த போலீஸ் நேரத்துக்கு வந்து சேரவில்லை. கூலி கேட்ட கூட்டத்தின் மீது துப்பாக்கி நீளும், கூலி கேட்டவன் குடிசை எரிந்தால் நீளாது என்பதைக் காவிரிப் படுகையின் சேரிகள் பட்டறிந்திருக்கின்றன. வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் 1973-இல் விடுவித்ததும் நமக்குத் தெரியும். யார் சொல்லை நம்புவது என்ற இடத்தில் தோற்றவர்கள் நாம். பரமக்குடி அறிக்கையிலும் அதுவே நடந்திருக்கிறது.

மாணவர்களுக்கு இதில் சொந்த நட்டமும் உண்டு. இத்தகைய நிகழ்ச்சிகளில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையில் பத்துப் பெயர் இருக்கும், பிறகு ‘மற்றும் பலர்’ என்று இருக்கும். அந்தப் ‘பலர்’ யார் என்பது நிலையத்தில் தீர்மானமாகும். மூன்று வருடம் கழித்துப் போலீஸ் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பித்தால் அப்போது தெரியவரும். சுட்டவர் மீது வழக்குப் போட வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய சட்டத்தில் 132, புதியதில் 151. கல்லெறிந்ததாகச் சொல்லப்படுகிறவன் மீது வழக்குப் போட யார் அனுமதியும் வேண்டாம்.

இவ்வளவு சாய்ந்த தராசிலும் பிடித்துக்கொள்ளச் சில கயிறுகள் உண்டு. 2014-இல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மரணம் நேர்ந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம் நடக்க வேண்டும் என்றது. பிரேதப் பரிசோதனையை இரு மருத்துவர்கள் செய்ய வேண்டும், அதைப் படம் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னது. பரமக்குடி நடந்தபோது இந்தத் தீர்ப்பு இல்லை. இனி எங்கேனும் நடந்தால், உடலை வாங்குவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். ஆணையம் அமைத்தால் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய நாள் குறிப்பார்கள். நம் ஆட்கள் ஊர்வலத்துக்கு வருவார்கள், அந்த நாளைக் கோட்டைவிடுவார்கள். மறுபுறம் அதிகாரிகள் ஒருவர்கூட விடாமல் எழுதிக் கொடுப்பார்கள். சாட்சியம் இல்லாத பக்கத்துக்குச் சாதகமாக எந்த நீதிபதியும் எழுத முடியாது.

பரமக்குடிக்குச் செய்ய வேண்டியது என்ன? உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்ட வழக்கு இது. ஆணையத்தின் கருத்தோடு விஷயம் முடிந்தது என்று நீதிமன்றமே எண்ணவில்லை. தமிழ்நாடு அரசு 2023-இல் இமானுவேல் சேகரனுக்குப் பரமக்குடியில் ரூ.3 கோடியில் மணிமண்டபம் அறிவித்தது. வரவேற்கிறோம். அந்த மண்டபத்துக்கு அஞ்சலி செலுத்த வருகிறவர்களில் அந்த ஆறு குடும்பங்களும் இருக்கும். அவர்களுக்காக அரசு ஒரு காரியம் செய்யலாம். சம்பத் ஆணைய அறிக்கையை அதன் இணைப்புகளோடு தமிழில் அச்சிட்டு மாவட்ட நூலகங்களுக்கு அனுப்பட்டும். எத்தனை ரவுண்டு சுட்டார்கள், யார் உத்தரவிட்டது, எத்தனை மணிக்கு, வயர்லெஸ்ஸில் என்ன பேசினார்கள், பிரேதப் பரிசோதனை என்ன சொல்கிறது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும். நியாயமான துப்பாக்கிச் சூடு என்று அரசு உண்மையிலேயே நம்பினால் இதை வெளியிடுவதில் அதற்கு நட்டம் ஒன்றுமில்லை. மண்டபச் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.